இருபது வார்த்தைக்குள் ஒரு சுவர்

எங்கக்காகிட்ட ஆயிரம் தடவ சொல்லியிருப்பேன். "மைக்கப் பிடிச்சதும் மொதல்ல நம்பரச் சொல்லு. பிரிவு இருபத்திரெண்டுன்னு சொல்லு. அதுக்கப்புறம் அழு, திட்டு, என்ன வேணா பண்ணு." மண்டைய மண்டைய ஆட்டினா. துணி வெட்டற மேசைமேல சாக்பீஸால பெருசா இருபத்திரெண்டுன்னு எழுதி வேற வெச்சுக்கிட்டா. பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சதில்ல அவ.

கூட்டத்துல வந்து நின்னு, மைக்கப் பிடிச்சு அவ சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா?

"எங்க வீட்டு அடுப்பங்கரை போயிடுச்சுங்க."

போச்சுடா சாமின்னு நெனச்சுக்கிட்டேன். மேடைக்குப் பக்கத்துல, கம்ப்யூட்டருக்கு முன்னால நான் உக்காந்திருக்கேன். வாயத் தொறக்க முடியாது. என் வேலை பேசறது இல்ல, மத்தவங்க பேசறத எழுதறது. பதினாறு வருஷமா அரசாங்கக் கூட்டத்துக்கெல்லாம் நடவடிக்கைக் குறிப்பு எழுதறவ நான். அவ என் கூடப்பிறந்தவன்னு அந்த ஹால்ல ஒருத்தருக்கும் தெரியாது, சொல்லவும் கூடாது.

விஷயம் இதுதான். வெள்ளம், மண்சரிவு, புயல்னு எது வந்தாலும் முன்னாடி மூணு ஆபீஸுக்கு அலையணும். நிவாரணம் ஒருத்தர், சுவர் ஒருத்தர், வடிகால் ஒருத்தர். ஒருத்தர் இன்னொருத்தரக் கை காட்டுவாரு. அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நாட்டுக்கே ஒரே சட்டம், ஒரே ஆணையம்னு கொண்டு வந்தாங்க. நல்ல சட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. அதுல எதை மொதல்ல செய்யணும்னு மக்கள்கிட்டயே கேக்கறதுக்குத்தான் ஊர் ஊராக் கூட்டம் போட்டாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம், அப்புறம் மணி.

பேசறதையெல்லாம் நான் ஒரு அட்டவணையில ஏத்தணும். டோக்கன் நம்பர், எந்தப் பிரிவு, என்ன கோரிக்கை. கோரிக்கை இருபது வார்த்தைக்கு மேல போகக் கூடாது. அந்த விதியப் போட்டவரு எங்க துணைச் செயலர். எங்க ஆபீஸ்ல அவருக்கு 'இருபது வார்த்தை'ன்னே பேரு. தங்கமான மனுஷன். ராத்திரி பகல் பாக்காம இந்தச் சட்டத்துக்கு உழைச்சவரு. இருபத்தோராவது வார்த்தையப் பாத்தா மட்டும் அவருக்கு ஆகாது.

பிரிவு நம்பர் இல்லாமப் பேசறவங்க எல்லாரும் 'பிற'ங்கற தலைப்புக்குப் போயிடுவாங்க. 'பிற' பின்னிணைப்புக்குப் போகும். இந்தப் பதினாறு வருஷத்துல பின்னிணைப்பத் தொறந்து பாத்த ஒரே ஒரு ஆளக் காட்டுங்க, அவரு கால்ல விழுந்து கும்பிடறேன்.

அக்காவுக்கு வேண்டியது ஒரு சுவரு. வேற எதுவுமே இல்ல. அவ வீடு மலைச்சரிவுக்குக் கீழ, பதினாலு வீட்டு வரிசையில நடுவால இருக்கு. போன வருஷ மழையில சரிவு இறங்கி ஓரத்து மூணு வீடு போச்சு, ரெண்டு உசுரும் போச்சு. அக்கா வீட்டுல அடுப்பங்கரை இடிஞ்சு மாமா மேல விழுந்துச்சு. அக்கா புருஷனத்தான் மாமாங்கறேன். இடுப்பெலும்பு உடைஞ்சு, இப்ப நாலுகால் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாரு. "உங்கக்காவக் கட்டினப்பவே இடுப்பு ஒடைஞ்சுபோச்சு, இது ரெண்டாவது தடவ"ம்பாரு. அந்த மனுஷனுக்குக் கொழுப்பு கொறையல.

அப்பவே இஞ்சினியருங்க வந்து அளந்து, வீட்டுக்குப் பின்னால சிவப்புத் துணி கட்டின நாலு முளை அடிச்சுட்டுப் போனாங்க. தாங்குசுவர் வரும்னாங்க. முளைதான் நின்னுச்சு, சுவர் வரல.

இப்ப என் புத்திசாலித்தனத்தக் கேளுங்க. சுவருக்குன்னே சட்டத்துல பிரிவு ஒம்போது இருக்கு. ஆனா ஒம்போதுல வர்றதையெல்லாம் நிபுணர் குழு ஆராய்ஞ்சு மூணு வருஷம் கழிச்சு முடிவு பண்ணும்னு உள்ளுக்குள்ள பேசிக்கிட்டாங்க. பிரிவு இருபத்திரெண்டு, அபாயப் பகுதியில குடியிருக்கறவங்களுக்கானது. அதுல வந்தா முப்பது நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். மொதல்ல ஃபைல் நகரட்டும், ஆளு வந்து பாத்தா சுவர் வேணும்னு அவங்களுக்கே தெரியாமலா போயிடும்னு கணக்குப் போட்டேன். அதனாலதான் அக்காவுக்கு இருபத்திரெண்டச் சொல்லிக் குடுத்தேன்.

அவ எங்க சொன்னா? இடுப்புல சொருகியிருந்த இன்ச்சு டேப்ப எடுத்துட்டா. தைக்கறவ இல்லையா, அது எப்பவும் கூடவே இருக்கும்.

"வாராவாரம் அளக்கறேங்க. பின்கதவுலேர்ந்து மண்ணு வரைக்கும் போன மாசம் நாப்பத்தோரு இன்ச்சு. இப்ப முப்பத்தெட்டு. அது நடந்து வருதுங்க. என் வீட்டுக்காரரால ஓட முடியாது. ஆறு மிஷின் போட்டிருக்கேன், அந்தத் தெருவே எங்கிட்டதான் தைக்குது, வீட்ட விட்டுட்டு எங்க போவேன்? ஒரு சுவரு. அவ்வளவுதான் கேக்கறேன். முளை அடிச்ச எடத்துல ஒரு…"

மணி அடிச்சுட்டாங்க.

அவ டேப்பக் கையில பிடிச்சபடியே என்னப் பாத்தா. நான் கீபோர்டப் பாத்தேன்.

டோக்கன் நாப்பத்தேழு. பிரிவுங்கற கட்டத்துல, அவ சொல்லாத நம்பர நானே அடிச்சேன். இருபத்திரெண்டு. கோரிக்கைக் கட்டத்துல இப்படி அடிச்சேன்: 'அபாயச் சரிவின் அடியில் குடும்பத்துடன் வசிக்கிறார். சமையலறை இடிந்துவிட்டது. மண் நெருங்கிவருகிறது. பதினொரு வீடுகளுக்கும் உயிராபத்து. உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டுகிறார்.'

சுவர்ங்கற வார்த்தைய வேணும்னேதான் விட்டேன். அத எழுதினா சாயங்காலம் 'இருபது வார்த்தை' சார் சரிபாக்கும்போது ஒம்போதுக்குத் தூக்கிப் போட்டுடுவாரு. எண்ணிப் பாத்தேன், பதினாறு வார்த்தைதான் ஆகியிருந்துச்சு. மனசுக்குள்ள எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அக்கா போன்ல அழுதா. "நம்பர மறந்துட்டேன்டி. அத்தன மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் பறந்துபோச்சு."

"அத நான் பாத்துக்கிட்டேன், நீ போய்த் தூங்கு"ன்னேன். எவ்வளவு தைரியம் பாருங்க எனக்கு.

இருபத்தி நாலாம் நாளு மறுபடி போன். இந்தத் தடவ சிரிக்கறா. "பதில் வந்துடுச்சு! சீல் வெச்சு, என் டோக்கன் நம்பர் போட்டு வந்திருக்கு. எல்லா வீட்டுக்கும் வந்திருக்காம். இந்த பாஷையெல்லாம் எனக்கு ஏறாது, நீ வந்து படிச்சுக் காட்டு."

போனேன். அந்த டோக்கன நல்ல மிஷின் தலையில ஒட்டி வெச்சிருந்தா. மாமா சேர்ல நிமிந்து உக்காந்து, கல்யாணத்துக்குப் போறவரு மாதிரி சட்டையெல்லாம் மாத்தியிருந்தாரு. அக்கா கைய மடியில தொடச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்தா.

"'டோக்கன் நாற்பத்தேழு வாயிலாகத் தாங்கள் முன்வைத்த கோரிக்கையின்படி'"ன்னு ஆரம்பிச்சேன்.

"கேட்டீங்களா? கோரிக்கையின்படி!" மாமா தோளத் தட்டினா. "மூணு நிமிஷந்தான் பேசினேன், பாத்தீங்களா?"

"உன் வாய்க்கு மூணு நிமிஷமே ஜாஸ்தி"ன்னாரு மாமா. அவருக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு.

என் கண்ணு அடுத்த வரிக்குப் போயிடுச்சு, வாய் போகல. "படிடி"ன்னா. படிச்சேன். 'மேற்படி பதினொரு வீடுகளும் பிரிவு 22-இன் கீழ் மறுகுடியமர்வுப் பகுதியாக அறிவிக்கப்படுகின்றன. குடியிருப்போர் தொண்ணூறு நாட்களுக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். மாற்றுக் குடியிருப்பு ஒதுக்கப்படும். அவ்விடத்தில் உத்தேசிக்கப்பட்ட தாங்குசுவர்ப் பணி கைவிடப்படுகிறது.'

"அப்படின்னா?"

"வீட்டக் காலி பண்ணச் சொல்றாங்கக்கா. சுவர் கெடையாது."

"நான் எங்கடி காலி பண்றேன்னு கேட்டேன்?" அவ கோவமாக்கூடக் கேக்கல. நெஜமாவே புரியாமக் கேட்டா. "சுவருதானே கேட்டேன். நீயும் அங்கதானே இருந்த?"

மாற்றுக் குடியிருப்பு எங்கன்னும் கடிதாசுல கீழ போட்டிருந்துச்சு: ஊருக்கு வெளியில, நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல. மாமா கம்பியப் பாத்தாரு. அவரு வாயிலேர்ந்து ஒரு கிண்டலும் வரல. அவரு கிண்டல் பண்ணாம இருந்து நான் பாத்ததே இல்ல.

அதுக்குள்ள வாசல்ல சத்தம். பக்கத்து வீட்டுக்காரம்மா, கையில அதே கடிதாசு. "யாரு அந்த நாப்பத்தேழு? யாரைக் கேட்டு எங்க வீட்டையும் சேத்து எழுதிக் குடுத்தாங்க?"ன்னு கத்திக்கிட்டே உள்ள வந்தவ, மிஷின் தலையில டோக்கனப் பாத்துட்டா. அப்படியே நின்னா. அவ பொண்ணோட பாவாடை அக்காகிட்ட அரைகுறையாத் தைச்சுக் கெடந்துச்சு. அத உருவி எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

நான் அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. நாளைக்குக் காலையில சரிபண்ணிட்டுச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். கோழை.

காலையில 'இருபது வார்த்தை' சாரோட ரூம் தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னேன். எல்லாத்தையும் கொட்டினேன். அவ என் அக்கா, நம்பர் சொன்னது அவ இல்ல நான், சுவர்ங்கற வார்த்தைய விட்டது நான். வேலைய விட்டு அனுப்பினாலும் சரி, அந்த வரிய மட்டும் மாத்துங்க சார்னேன்.

அவரு கண்ணாடியக் கழட்டி மேசைமேல வெச்சாரு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டியிருந்தாத் தேவலாம்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? சுவர்ங்கற வார்த்தையே இல்லாம இருபத்திரெண்டுல வந்தா, ஆளு போய்ப் பாக்காமலே எடத்த மாத்தத்தானே உத்தரவு போகும். ஒம்போதுல போட்டிருந்தா லேட்டானாலும் சுவர் பட்டியல்ல இருந்திருக்கும். முளை அடிச்ச எடம் வேற."

"மூணு வருஷம் ஆகும்னாங்களே சார்."

"அந்தக் குழுவப் போன வாரம்தான் மாத்தினோம். இப்ப ஆறே மாசம்."

அந்த வரிய மட்டும் மாத்திடுங்க சார்னு மறுபடி கெஞ்சினேன்.

"வரிய மாத்தலாம்" அவரு மெதுவாச் சொன்னாரு. "ஆனா குறிப்பெழுதறவங்களே திரிச்சு எழுதினாங்கன்னு பதிவானா, அந்தக் கூட்டத்துக் குறிப்பே செல்லாது. சட்டத்துல அப்படித்தான் வெச்சிருக்கோம். இனிமே யாரும் கை வெக்கக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன். அன்னிக்கு இருநூத்திப் பன்னெண்டு பேரு பேசினாங்க. ஆத்தங்கரைக்காரங்க எங்கள வேற எடத்துல வைங்கன்னு கெஞ்சினாங்க, ஞாபகம் இருக்கா? அவங்களுக்கும் உத்தரவு போயாச்சு. அடுத்த மழைக்கு முன்னாடி வெளிய வந்துடுவாங்க. உங்க அக்காவுக்காக அத நிறுத்தச் சொல்றீங்களா?"

நிறுத்துங்கன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. ஆத்தங்கரையிலேர்ந்து வந்த அந்த அம்மா, கைக்குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னது கண்ணு முன்னாடி வந்துச்சு. அவ பேசினதையும் நான்தான் எழுதினேன், இருபத்திரெண்டுன்னு. அவளுக்கு அது சரியான நம்பர். சொல்ல முடியல என்னால.

"வேற வழியே இல்லையா சார்?"

"மனுவா எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்."

"எந்தப் பிரிவுல சார்?"

அவரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. பதினாறு வருஷமா இதே வேலை பாக்கறவ இப்படிக் கேக்கறாளேன்னு இருந்திருக்கும். இதுக்கெல்லாம் பிரிவு கெடையாது. 'பிற'.

எழுதிக் குடுத்தேன், குடுக்காம என்ன பண்றது. 'பின்னால் சுவர் கட்டித் தரவேண்டும்'னு எழுதினேன். நாலே வார்த்தை. அன்னிக்குக் கட்டத்துல சரியா நாலு வார்த்தைக்கு எடம் மிச்சம் இருந்துச்சு. சீல் வெச்சு வாங்கிக்கிட்டு, பின்னிணைப்பு டிரேயில போட்டாரு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனப்ப ஒரு மிஷின்தான் ஓடிட்டிருந்துச்சு. தைக்கக் குடுத்திருந்தவங்க ஒவ்வொருத்தரா வந்து துணிய வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். மாமா உள்ள படுத்திருந்தாரு. நான் நின்னபடியே சொல்லிட்டேன். நம்பரு, விட்ட வார்த்தை, ஆறு மாசம், ஆத்தங்கரைக்காரங்க, எல்லாத்தையும். இருநூத்திப் பன்னெண்டு பேர் பேச்சையும் எழுதத் தெரிஞ்ச எனக்கு, மன்னிச்சுடுக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு வரல. அழுகைதான் வந்துச்சு.

அவ மிஷின நிறுத்தல. அந்தத் தையல முடிச்சு, நூலப் பல்லால கடிச்சுட்டு நிமிந்தா. ஓங்கி ஒரு அறை விடுவான்னுதான் நின்னேன். சின்ன வயசுல விட்டிருக்கா.

"சரி அழாத" அப்படின்னா. "அடுத்த கூட்டம் எப்ப?"

"மூணு வருஷம் ஆகும்க்கா."

"அப்ப என்ன நம்பர் சொல்லணும்? இப்பவே சொல்லிடு. இந்தத் தடவ மறக்க மாட்டேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

சாக்பீஸ எடுத்துக்கிட்டு மேசைக்குப் போயிட்டா. பழைய இருபத்திரெண்ட உள்ளங்கையால அழிச்சா. சாக்பீஸ் நுனிய மேசைமேல வெச்சபடி என் மூஞ்சியப் பாத்தா. நான் எந்த நம்பரச் சொல்லுவேன்? சட்டம் முழுக்க எனக்கு மனப்பாடம். ஒரு நம்பர்கூட வாயில வரல.

அவ சாக்பீஸக் கீழ வெச்சா. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அளக்கணும்"னு சொல்லிட்டுப் பின்கதவத் தொறந்தா. முளைங்களக் காலையிலேயே ஆள் வந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்களாம், நாலு குழிதான் இருந்துச்சு. டேப்போட ஒரு நுனிய எங்கிட்டக் குடுத்துக் கதவுல அழுத்திப் பிடிக்கச் சொன்னா. இன்னொரு நுனிய அவ மண்ணு வரைக்கும் இழுத்துக் குனிஞ்சு பாத்தா.

"முப்பத்தஞ்சரை"ன்னா. "எழுதிக்கோடி. உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

கதவுப் பக்கத்துல தொங்கின நோட்டுல, போன வாரத்து நம்பருக்குக் கீழ, எழுதினேன்.