வெட்டச் சொன்ன இடம்

வெள்ளையம்மா அத்தை நீட்டிய அரிசித் தட்டை ஜீவராணி புறங்கையால் தள்ளிவிட்டாள். சிதறிய அரிசியில் கொஞ்சம் சவப்பெட்டிக்குள் விழுந்து அப்பாவின் மார்பில் கிடந்தது.

"பெத்த அப்பனுக்கு வாய்க்கரிசி போட மாட்டேங்கிறியே, நீயெல்லாம் பொம்பளப் புள்ளையா?"

"என்னைய வேன்ல ஏத்தி அனுப்பையில இந்த அப்பன் எங்க இருந்தாரு அத்தை? அதச் சொல்லுங்க, போடுறேன்."

அது அத்தைக்கும் தெரியாது. அன்றைக்கு அவள் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்து கொடகவெல ஊர் மாப்பிள்ளை வீட்டாரோடு வேனில் ஏறியபோது ஜீவராணி எட்டி எட்டிப் பார்த்தாள். தோட்டத்து லயத்துச் சனமே திரண்டு நின்று கையசைத்தது. அப்பா சின்னத்தம்பியை மட்டும் காணவில்லை. தண்ணியைப் போட்டுவிட்டு எங்காவது விழுந்து கிடப்பார் என்று மாமியார் சொன்னது நாலு வருஷமாக நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு.

வாசலில் மழை தூறியது. சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் அதன் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தென் வஹமுத?" என்று சிங்களத்தில் மறுபடியும் கேட்டார். மூடிவிடலாமா என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. இருட்டுவதற்குள் தோட்டத்தின் மேல் டிவிஷன் மயானத்துக்கு ஏறியாக வேண்டும். ஆனால் கொள்ளிக்குடம் தூக்க வேண்டிய தம்பி நிரோஷன் உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"அப்பன வெளிய கெடத்திட்டு யாரு கல்யாண வீடியோவடா எடிட் பண்ற?"

"ஒன் கல்யாணந்தான்" என்றான் திரும்பாமல்.

அவன் வேலை செய்யும் ஓப்பநாயக்க டவுன் ஸ்டூடியோவின் முதலாளி நிலாம் பக்கத்தில் நின்று, இன்டர்நெட் சிக்னலுக்காகத் தன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. ஒங்கட கலியாணத்த நான் புதுக் கேமராவில எடுத்த. தம்பிட இந்தப் பழைய சொஃப்ட்வெயார்ல சத்தம் மட்டுந்தான் வரும், படம் வராது. கடையில கரண்ட் இல்ல, அதுதான் இதுல புது வெர்ஷன் ஏத்துறம்."

"எனக்கு ஒரு படமும் வேணாம். எந்திரிச்சு வாடா!"

நிரோஷன் ஒரு பொத்தானை அழுத்தினான். திரை கறுப்பாகவே இருந்தது. எஞ்சின் உறுமியது, சேற்றில் டயர் வழுக்கியது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"மெதுவா தள்ளுங்கய்யா... உள்ள புள்ள இருக்கு."

நேற்றுச் சாயங்காலம் நின்றுபோன குரல். ஜீவராணி கறுப்புத் திரைக்குக் கிட்டே போனாள்.

கணக்கப்பிள்ளை முடக்கின் வளைவில் அன்று வேன் சேற்றில் புதைந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பொடியன்கள் தள்ளுகிறார்கள் என்று நினைத்து முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாரு. வேன் தள்ளி வேட்டி பூரா சேறு, அழுது அழுது மூஞ்சி வீங்கிப் போச்சு. சம்பந்தி வீட்டாளுங்க பாத்தா ஒனக்குக் கேவலம்னு அவருதான் வீடியோவுல அந்த எடத்த வெட்டச் சொன்னாரு. நான் வாயால சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டாள். தம்பி அப்பாவுக்குப் பரிந்து பேசுகிறான் என்றுதான் நினைத்திருப்பாள்.

திரையின் ஓரத்தில் நீலக்கோடு முக்கால்வாசி ஓடி அப்படியே நின்றது. நிலாம் தோள் வரைக்கும் போன் பிடித்த கையை மழையில் நீட்டினார். வெளியே அத்தையின் குரல் உடைந்தது. "அடியே, மூடியத் தூக்கிட்டாங்கடி!"

ஜீவராணி வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"பொட்டக் இன்ன மஹத்தயா! தாம வஹன்ன எபா! கொஞ்சம் பொறுங்க, மூடிறாதீங்க!"

கோடு அசைந்தது. நிறைந்தது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

"ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுது" என்றான் நிரோஷன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பழைய மெஷின்க்கா, இன்னும் நேரமெடுக்கும்."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "இருக்கட்டும்டா. வா."

கீழே சிதறிய அரிசியை அத்தை பொறுக்கி வைத்திருந்தாள். ஜீவராணி அதையே அள்ளினாள். அப்பாவின் உதட்டில் அவள் விரல் வெகுநேரம் இருந்தது. மலர்ச்சாலைக்காரர் மூடியைப் பிடித்தபடி காத்து நின்றார்.

மயானத்துக்குப் போகையில் பெண்கள் கணக்கப்பிள்ளை முடக்கோடு நின்றுவிடுவது வழக்கம். அங்கே பாதை செங்குத்தாக ஏறியது. மழையில் மண் கூழாகிக் கிடந்தது. தூக்கியவர்களில் ஒருவனின் கால் வழுக்க, பெட்டி பின்பக்கம் சரிந்தது.

ஜீவராணி பெண்களை விட்டு விலகி ஏறினாள். பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து முட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, நீ வரக்கூடாது" என்றான் நிரோஷன்.

"மெதுவா போங்கய்யா" என்றாள் அவள் தூக்கியவர்களிடம்.

அவர்கள் மெதுவாக ஏறினார்கள். அவளுடைய வெள்ளைச் சேலை முழங்கால் வரைக்கும் சேறாகியிருந்தது.