ஐந்து ராணிகளின் நிறம்

ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் யுகத்துக்கு ஒன்றுதான் பிறக்கும் என்று சிக்லிட் மீன் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சாகியிருந்தது. அதை எழுதியவரும் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரரும் ஒருவரே. தொழிலுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் சங்கத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர்.

மீனை ஈரக்கையில் மல்லாத்தி, வாலுக்கு முன்னால் வயிற்றில் இருக்கும் துளையைப் பார்த்து முடிவு கட்டுவதுதான் ஊர் உலகத்து வழக்கம். கண்ணாடிக்காரர் அந்தப் பக்கமே போகமாட்டார். “மல்லாத்திப் பாக்கிறதெல்லாம் பயந்தவன் வேலை. நிறத்தைப் பாரு, நடையைப் பாரு, தீர்ந்தது” என்பார். சங்கத்தில் யார் மீன் வாங்கினாலும் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வழங்குவார். மேல்முறையீடு கிடையாது.

இந்த வருடக் கண்காட்சிக்கு அவரை நடுவராக்குவதாகப் பேச்சு. அவரும் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். ஆனால் சங்க விதி ஒன்று குறுக்கே படுத்திருந்தது: நடுவராகிறவர் தம் வீட்டுத் தொட்டியில் மீன்களை இனம்பெருக்கிக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைவரும் செயலாளரும் நேரில் வருகிறார்கள்.

அவர் வளர்த்தது மயில் சிக்லிட். ஆணுக்கு நீல முகம், மஞ்சள் விலா. பெண் சாம்பல் நிறம், அடுப்பு துடைத்த துணி மாதிரி. பெண் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அப்போது தொண்டை புடைக்கும். அவர் தொட்டியில் ஒரு ராஜா, ஐந்து ராணிகள். வருடம் ஒன்றாகியும் ஒரு தொண்டைகூடப் புடைக்கவில்லை.

அந்த வாரம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கல்லை இடம் மாற்றுவார், மாலையில் பழையபடி வைப்பார். கடையில் ஒரு கிழவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து வீட்டுக்குப் போன் செய்து, “தொண்டை ஏதாவது புடைச்சிருக்கா?” என்று கேட்டார். கிழவர் தம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு எழுத்து மங்குது, கண்ணாடி போட்டுக் குடுங்கன்னு எத்தனை மாசமா கேக்கிறேன்” என்றாள் மனைவி. “உங்க ராணிங்களுக்குப் பிரசவம் ஆனாத்தான் என் கண்ணு தெரியுமா?”

“ராணிங்க சரியில்லடி. அஞ்சும் மலடு.”

சாப்பிட வந்திருந்த அவள் தம்பி சிரித்தான். “ஏன் அத்தான், குறைன்னா அது பொண்டாட்டிகிட்டதான் இருக்கணுமா? மாப்பிள்ளையையும் ஒரு தடவை சந்தேகப்படுங்களேன்.”

“நல்லாச் சொல்லுடா. அஞ்சு பேருக்கும் ஒண்ணா குறை வருமா?” என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் மச்சான் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுந்துபோய் அதன்படியே செய்தார். ராஜாவை வலையில் பிடித்துக் குளியலறை வாளிக்கு அனுப்பினார். செயலாளரிடம் வேறொரு ராஜாவை இரவல் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும்போதே கொண்டுவருவதாகச் செயலாளர் சொன்னார்.

“இப்ப நான் குளிக்கணும்னா அரசர்கிட்ட உத்தரவு வாங்கணுமா?” என்றாள் மனைவி.

ராஜா போன மறுநாள் ஒரு ராணியின் முகத்தில் லேசாக நீலம் தெரிந்தது. நோய் என்று நினைத்து உப்புப் போட்டார். அடுத்த நாள் இன்னொன்றின் விலாவில் மஞ்சள். மருந்து ஊற்றினார். வெள்ளிக்கிழமை மூன்றாவதும் நான்காவதும் துடுப்பை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று முட்டின. சாம்பல் குறையக் குறையக் கண்ணாடிக்காரரின் முகத்தில் சாம்பல் ஏறியது.

“என்னங்க, பொண்ணுங்க அலங்காரம் பண்ணிக்கிறாங்களா?”

“தண்ணி சரியில்ல.”

“தண்ணி சரியில்லன்னா மீசை முளைக்குமா?”

அவர் இன்னொரு மூடி மருந்து ஊற்றினார். அடக்கி ஆள ஒரு முரட்டு ஆண் இருந்தால், மெலிந்த ஆண்கள் அடி வாங்காமல் பிழைக்கப் பெண் நிறத்திலேயே காலத்தை ஓட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆண்டு மலரில் அவரே எழுதியிருக்கிறார். மற்றவர்கள் தொட்டியைப் பற்றி.

சனிக்கிழமை ராஜாவை வாளியிலிருந்து எடுத்துத் திரும்பத் தொட்டியில் விட்டார். பயந்து பழையபடி சாம்பலாகிவிடுவார்கள் என்பது கணக்கு. வாளி வாசத்தில் வாடியிருந்த ராஜாவை நிறம் ஏறிய நான்கு ராணிகளும் சேர்ந்து மூலைக்கு விரட்டின. ராஜா மறுபடி வாளிக்கே போனார், இம்முறை கிழிந்த வாலோடு.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். அவர் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார். பின்னால் செயலாளர், கையில் இரவல் ராஜா நீந்தும் பையோடு. இருவரும் தொட்டி முன் குனிந்தார்கள். அதுவரை கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஐந்தாவது ராணியும் வந்த விருந்தாளிகளை மதித்து வெளியே வந்தது. நீல முகம்.

“ராணிங்க எங்கே?” என்றார் தலைவர்.

“இவங்கதான்” என்றார் கண்ணாடிக்காரர்.

“சார், இது அஞ்சும் ஆம்பளை” என்றார் செயலாளர். “சந்தேகம்னா மல்லாத்திப் பாத்திரலாம்.” சட்டைக் கையை மடித்துவிட்டார்.

தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவரின் முகத்தில் ஏதோ ஓடியது. பிடுங்க வேண்டிய பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியவர் முகம்.

“என் வீட்டு ராணிங்க நாலையும் நீங்கதான பாத்துக் குடுத்தீங்க?”

“நான்தான்.”

“இந்த அஞ்சையும் வாங்கின மீன் கடையிலதான?”

“அதே கடைதான்.”

செயலாளர் மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டார். அவர் வீட்டிலும் மூன்று இருந்தன.

கண்ணாடிக்காரர் கோட்டுத் தையற்காரருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் நிமிர்ந்தார். “நிறம் ஏறும் பெண்” என்றார், மேடையில் பேசும் குரலில். “அபூர்வ வகை. இத்தனை நாள் யார் கண்ணுக்கும் படல. நம்ம சங்கத்துக்குப் பெருமை. என்ன செயலாளரே?”

“நானும் அதான் சார் நினைச்சேன்.”

“அப்ப தொண்டை புடைக்கிறது?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

“இந்த வகைக்குப் புடைக்காதும்மா” என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் ஒருமனதாக நடுவரானார். புதிய வகையைப் பற்றிய கட்டுரையை அவரே எழுதுவதென்று முடிவாயிற்று.

போன கண்காட்சியில் சிறந்த மீன் குடும்பத்துக்கான கோப்பை தலைவரின் தொட்டிக்குக் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் பெண் கிடையாது.