ஏழைக்கு வைத்த துண்டு

குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று மத்தியானம் பார்னபே கெனெல் பாதாம் கேக்கை மூன்றாக வெட்டினார். வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவரும் மனைவி ஒதிலும். மூன்றாவது துண்டு ஏழையின் பங்கு. அன்றைக்குக் கதவை யார் தட்டினாலும் அது அவர்களுக்கு. நார்மண்டியில் பல வீடுகளில் இந்த வழக்கத்தைக் கைகழுவியாகிவிட்டது. கெனெல் வீட்டால் முடியாது. ஊர் விடாது.

எல்லாம் ஒரு நாவலால் வந்த வினை. நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸிலிருந்து ஒருத்தர் வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கச் சத்திரத்தில் தின்று குடித்து, ஊர்க்கதைகளைக் கேட்டுக்கொண்டு போய்ப் புத்தகம் போட்டார். பெயர்களை மாற்றினாரே தவிர ஆட்களை மாற்றவில்லை. அதில் கர்னூ என்று ஒரு கஞ்சன் வருகிறான். இதே திருநாளில் ஒரு வேலைக்காரப் பெண் மழையில் நனைந்தபடி அவன் கதவைத் தட்டுகிறாள். அவன் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். விடிந்தால் அவள் படியில் செத்துக் கிடக்கிறாள். அந்த இடத்தைப் படித்து அழாத பள்ளிக்கூடப் பிள்ளை பிரான்சில் கிடையாது என்பார்கள்.

அந்தக் கர்னூதான் பார்னபேயின் கொள்ளுத்தாத்தா ப்ரோஸ்பேர்.

பெண் நிஜத்தில் சாகவில்லை. பக்கத்து வீட்டில் படுத்து எழுந்து, ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டு, ஏழு பிள்ளை பெற்று, நன்றாகக் கிழண்டுதான் போய்ச் சேர்ந்தாள். புத்தகக்காரருக்கு அது போதவில்லை போலிருக்கிறது.

பார்னபே அந்த நாவலைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. சந்தைக்கு மாடு ஓட்டிப்போனால், "கர்னூ வர்றான், பையைப் பிடிச்சுக்கோ" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஏழையின் பங்கை அவர் அப்பா வைத்தார், தாத்தா வைத்தார், இவரும் வைக்கிறார். ஒருத்தரும் வந்ததில்லை. கர்னூ வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? மறுநாள் அதைக் கோழிகள் தின்னும்.

இந்த வருஷம் நகரசபை ஒரு காரியம் செய்தது. நாவலில் வரும் ஆட்களின் அசல் வீடுகளில் பெயர்ப் பலகை அடிப்பதென்று தீர்மானம். பாதிரியார் வீடு, சத்திரம் எல்லாம் முடிந்தாயிற்று. பொறுப்பெடுத்துச் செய்தவர் மதாம் வாஸ்லேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் அந்த வேலைக்காரப் பெண்ணின் கொள்ளுப்பேத்தி. பார்னபேக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பழிவாங்கத்தான் இந்த ஏற்பாடு.

கதவு தட்டப்பட்டது. வெளியே நல்ல மழை, மத்தியானமே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

பார்னபே திரைச்சீலையை விரலால் விலக்கிப் பார்த்தார். "வாத்தியாரம்மா. கையில பலகை."

"திற மனுஷா," என்றாள் ஒதில்.

"திறந்தா சுவத்துல அடிச்சுட்டுத்தான் போவா. நான் செத்தப்புறம் வந்து அடிக்கட்டும்."

"கொட்டுது வெளிய."

"குடை எடுத்துட்டு வந்திருக்கணும்."

மறுபடி தட்டினார் மதாம். எதிரே ரொட்டிக் கடைக்காரன் கிலெமாங் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். ஆள் இல்லையென்று நினைத்துப் போய்த் தொலையட்டும் என்று பார்னபே விளக்குச் சுவிட்சில் கை வைத்தார்.

"அணை," என்றாள் ஒதில். "அணைச்சுடு. உன் கொள்ளுத்தாத்தாவும் அதைத்தானே பண்ணாரு? கோழிக்குக் கேக் வச்சே உங்க வம்சம் புண்ணியம் தேடிக்கிச்சு."

பார்னபேயின் கை சுவிட்சிலேயே இருந்தது. திறந்தால் பலகை ஏறும். திறக்காவிட்டால் பலகையே தேவையில்லை. கிலெமாங் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்த் திறந்தார்.

மதாம் வாஸ்லேன் நீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். "முசியே கெனெல், இந்தப் பலகை விஷயமா..."

"உக்காருங்க. முதல்ல இதைத் தின்னுங்க."

மதாம் தட்டிலிருந்த மூன்றாவது துண்டைப் பார்த்தார். "இது ஏழைக்கு வச்சது இல்லையா? நான் பென்ஷன் வாங்கறவ."

"நனைஞ்சிருக்கீங்கல்ல? தின்னுங்க."

மதாம் ஒரு துணுக்கு விடாமல் தின்றார். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க கொள்ளுத்தாத்தா அன்னிக்கு நிஜமாவே திறக்கலையா?"

"திறக்கல. எங்கப்பாவே சொன்னாரு. கஞ்சன், சந்தேகப் பிராணி. அதுல பொய் இல்ல."

"எங்க வீட்டுல கோபமே உங்க மேல இல்ல," என்றார் மதாம். "எழுதினவர் மேல. 'யாரைக் கேட்டு என்னைச் சாகடிச்சான்'னு கொள்ளுப்பாட்டி கடைசிவரைக்கும் கத்திட்டிருந்தாங்களாம்."

ஒதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்னபே சிரிக்கவில்லை. பலகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ப்ரோஸ்பேர் கெனெல் வாழ்ந்த வீடு, நாவலின் கர்னூ இவரே.

"கஞ்சன்னு போடலையா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"ம்."

"வேண்டாம்னா சொல்லுங்க. திருப்பி எடுத்துட்டுப் போறேன். கட்டாயம் இல்ல."

பார்னபே கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அடிக்கலாம். ஆனா சுவத்துல வேண்டாம், கதவுல."

"கதவுலயா?"

"வெளிப்பக்கம்."

தானே சுத்தியலை எடுத்துவந்து அடித்தார். பிறகு கதவை உட்புறமாக முழுக்கத் தள்ளினார். அது சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. பலகை இப்போது வீட்டுக்குள்ளே பார்த்தது, தெருவிலிருந்து தெரியாது. மதாம் வாஸ்லேன் கதவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"குளிர் உள்ள வருது, சாத்து," என்றாள் ஒதில்.

"சாத்தினா படிப்பானுங்க."

"அப்ப குளிர்காலம் முழுக்க இப்படியேவா?"

"இன்னொரு கம்பளி போட்டுக்கோ."

எதிரேயிருந்து கிலெமாங் கையை வாயில் குவித்துக் கத்தினான்: "என்ன பார்னபே, அடிக்கிற சத்தம் கேட்டுச்சே, பலகையைக் காணோம்?"

"அங்கேருந்து தெரியாது," என்று பார்னபே கத்தினார். "உள்ள வா. கேக் தீர்ந்துபோச்சு, ஆப்பிள் சாராயம் இருக்கு."