வராதவரின் பெயர்

மூன்று வருட வேதாகமக் கல்லூரிப் படிப்பில் எபிரேயம் சொல்லிக்கொடுத்தார்கள், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். அடி வாங்குவது எப்படி என்று மட்டும் ஜெயசீலனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் பிரசங்கத்தின் இரண்டாம் குறிப்பில் இருந்தபோது முதல் அடி தோளில் விழுந்தது.

டெல்லி முனிர்காவின் பின்சந்தில், தகரக் கூரை போட்ட அந்த அறையில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாம் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற தமிழ்ச் சனம். ஊழியப் பயிற்சிக்குக் கல்லூரி அனுப்பிய ஜெயசீலன்தான் அவர்களுக்குப் போதகர்.

புகுந்தவர்கள் ஐந்து பேர், கையில் லத்தியும் ஹாக்கி மட்டையும். மேளத்தை மிதித்துக் கிழித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியது.

“நாம் போல்!” பெயரைச் சொல் என்று இந்தியில் கத்தினான் அவர்களில் ஒரு சிவப்புச் சட்டைக்காரன். ஞானஸ்நானம் எடுத்தவர்களில் ஒரு பெயரைச் சொன்னால் போதுமாம், மற்றவர்களை விட்டுவிடுவார்களாம்.

ஜெயசீலன் வாயைத் திறக்கவில்லை. முழங்கையில் மட்டை இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அப்போதும் சொல்லவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் மட்டையைக் கோவிந்தம்மாளின் தலைக்கு மேல் ஓங்கினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாழாய்ப்போன புத்தி வேலை செய்தது. கல்லூரிக்கு வாராவாரம் அனுப்பும் அறிக்கையில், வராதவர் பெயருக்கு எதிரே காரணமும் எழுத வேண்டும். ‘வேலு: நொய்டாவில் வேலை’ என்று காலையில்தான் எழுதியிருந்தான். வேலுவின் மனைவி அம்சவேணி சொல்லித்தான் எழுதினான். ஊரிலேயே இல்லாதவனை எப்படி அடிப்பார்கள்?

“வேலு,” என்றான்.

ஐந்து பேரும் வெளியே ஓடினார்கள். வேலுவின் வீடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

“ஐயோ பிரதர், அவரு வீட்டுலதான் இருக்காரு!” என்று அம்சவேணி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று போதகரிடம் எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்? அந்தச் சபையில் குடிகாரனைக் கட்டிக்கொண்ட ஒவ்வொருத்தியும் ‘வேலைக்குப் போயிருக்காரு’ என்றுதான் சொல்வாள். அது ஜெயசீலனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போதையில் எழுந்து ஓடக்கூட முடியாதவனைக் காலைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துப் போட்டு அடித்திருந்தார்கள். மண்டை பிளந்து, ஒரு கண் இருந்த இடமே தெரியவில்லை. மூச்சு மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தன்னை எதற்கு அடித்தார்கள் என்றுகூட அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்காது.

அம்சவேணி ஜெயசீலனின் காலைக் கட்டிக்கொண்டாள். “நாந்தான் பொய் சொன்னேன் பிரதர். என்னைய மன்னிச்சிருங்க.”

“காலை விடுங்கக்கா. பேரைச் சொன்னது நான்.”

அவள் விடவில்லை. “நீங்க ஜெபம் பண்ணுங்க. பண்ணினா எந்திரிச்சிருவாரு.”

ஜெயசீலன் மண்டியிட்டு வேலுவின் நெற்றியில் முறியாத கையை வைத்தான். ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் ‘வேலு’ என்ற பெயர்தான் வந்தது.