பாங்கு நேரத்துத் தூக்கம்

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் தூக்கத்துக்கும் சட்டம் உண்டு. போட்டவள் என் பக்கத்து வீட்டுச் சௌதா. ஜெய்னுலாப்தீன் ராவுத்தர் கிட்டங்கியின் பின்கட்டில் பஞ்சில் கொட்டை பிரிக்கப் போகும் பெண்கள் ஆறு பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு கேட்டதும் ஆறும் தூங்கிவிட வேண்டும். தூங்கிய பிள்ளையை எவரும் எழுப்பக் கூடாது. ராவுத்தரே வந்தாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்பாள். அவர் எதற்கு வரப் போகிறார், அது வேறு விஷயம்.

பிள்ளைகளுக்குச் சட்டம் புரிய வேண்டுமே. ஆயிஷா பீவியின் மகன் அல்லா பிச்சை, ஒன்றே கால் வயது, பாங்குக்குச் சற்று முன்பே சாய்ந்துவிடுவான். ஆயிஷா பால் கொடுக்க வர முறை கிடைப்பதோ சரியாகப் பாங்கு நேரத்தில். ஓடி வருவாள், தூங்கும் மகனைப் பார்ப்பாள், ஓடிப் போவாள். மூன்றாம் நாள் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது.

அவளுடைய தம்பி மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாழ வந்த அப்ரோஸ் பேகத்துக்கு அடுத்த முறை. அவளுடைய பத்து மாத மகள் ஜைத்தூன் பாங்கு நேரத்தில்தான் பசித்துத் தெருவே கேட்க அலறுவாள். அல்லா பிச்சைக்கும் இவளுக்கும் நிக்கா பேசி வெற்றிலை பாக்குகூட மாற்றியாகிவிட்டது.

சௌதாவும் சும்மா இருக்கவில்லை. அல்லா பிச்சை சாய்வதற்கு முன்பே அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பித்தளைச் சொம்பைக் கொடுத்துத் தட்டச் சொன்னாள். அவன் தட்டிய தட்டில் மற்ற ஐந்தும் விழித்துக்கொள்ள, இவன் சொம்பைக் கட்டிக்கொண்டு தூங்கினான்.

புதன்கிழமை சௌதா வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனவள், வந்த வேலையை மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆயிஷா வந்தாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. மகன் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறான். ஜைத்தூன் அலறுகிறாள். வலி பொறுக்காமல் ஆயிஷா அவளை வாரி மடியில் போட்டு, ரவிக்கை முடிச்சில் கை வைத்தாள்.

சௌதா பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"ஏட்டி, கூறுகெட்டவளே! மருமகள மகளாக்கிப் போடாத! உன் பால ஒரு வாய் குடிச்சாலும் மார்க்கப்படி உன் மகனுக்கு இவ தங்கச்சி. பொறவு எங்குட்டு நிக்கா?"

"வலி உசுரு போகுது லாத்தா!"

"உசுரு போனாலும் சம்பந்தம் போகக் கூடாது."

மாலைக்குள் செய்தி அப்ரோஸுக்குப் போய்விட்டது. நான் சொல்லாவிட்டால் வேறு எவளாவது சொல்லியிருப்பாள். வந்ததும் மகளின் வாயைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மதினி, குடிச்சாளா இல்லையா?"

"அல்லா மேல ஆணையா இல்லட்டி. குடிச்சிருந்தா எனக்கு இம்புட்டு வலி இருக்குமா?"

"நாளையிலருந்து முறைய மாத்திக்கிடுங்க," என்றாள் சௌதா. "பாங்குக்கு அப்ரோஸ் வரட்டும். ஆயிஷா பொறவு வரட்டும்."

எனக்கே நிம்மதியாக இருந்தது. பேச்சுக்கு ஒரு விஷயம் குறைந்துவிட்டதுதான் வருத்தம்.

மறுநாள் பாங்கு கேட்டது. அப்ரோஸ் வந்தாள். முந்தின நாள் கத்திய களைப்போ என்னவோ, ஜைத்தூன் அயர்ந்து தூங்கினாள். அல்லா பிச்சை கொட்டக் கொட்ட விழித்திருந்தான். மாமியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தான்.

அப்ரோஸ் முந்தானையை இழுத்துப் போர்த்திச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "லாத்தா, இவனப் பிடிங்க! அங்கயே பிடிங்க!"

சௌதா அவனைத் தூக்கினாள். அவன் திமிறினான்.

"நான் என் மகள எழுப்பப் போறேன்," என்றாள் அப்ரோஸ்.

சௌதா தூங்கும் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். "எழுப்பித் தொலை."

உள்ளங்காலைச் சுரண்டியதும் ஜைத்தூன் வீறிட்டாள். மற்ற நாலும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து சேர்ந்துகொண்டன. அந்தக் கூச்சலில் அப்ரோஸ் தன் மகளுக்கே பால் கொடுத்தாள். ஒரு கண் மட்டும் மருமகன் மேலேயே இருந்தது.