சங்கிலிக்கு அந்தப் பக்கம்

விடியும் முன்பே குழாய்த் தண்ணீர் மைதானத்துப் படிக்கட்டில் சீறிப் பாய்ந்தது. கொட்டிய பீரின் புளித்த வாடை. நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தின் கடலைத் தோல்கள் ஊறிப்போய்த் தரையில் அப்பிக் கிடந்தன. டெல்மா குனிந்து சுரண்டினாள். கூலியைக் குறைத்ததிலிருந்து, காலையில் கழுவி, மாலையில் ரசிகர்களை இருக்கையில் அமர்த்தினால்தான் வீட்டு வாடகை.

மேல் வரிசையின் கடைசி நாற்காலியில் அவள் கை நின்றது. அதனடியில் ஒரு தோல்கூட இல்லை. எல்லாவற்றையும் காகிதப் பையில் திரட்டி வாயை மடித்து வைத்திருந்தார் ப்ரூயிட். கண்ணாடி ஆலையில் வேலை போன பிறகும் ஆட்டத்துக்கு வரத் தவறாதவர். கழுவுகிறவர்களின் இடுப்பு நோகக் கூடாதென்று எப்போதும் இப்படித்தான் வைப்பார்.

அவரைத்தான் நேற்று எழுப்பி அனுப்பினாள்.

கம்பெனிகள் மொத்தமாக வாங்கி வெறுமே போட்டிருக்கும் கீழ் வரிசைகளில், ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் மேலே இருப்பவர்களை உட்காரவிடுவது பழைய வழக்கம். இந்த ஆண்டு குறுக்கே சங்கிலி போட்டுவிட்டார்கள். ப்ரூயிட் அதைத் தாண்டி உட்கார்ந்தபோது மேலாளர் பிராண்ட் பின்னால் நின்றார். "சார், உங்க டிக்கெட்?" என்று முன்பின் தெரியாதவள்போல் கேட்டாள் டெல்மா.

"மன்னிச்சிடும்மா டெல்மா, உனக்குச் சிரமம் குடுத்துட்டேன்" என்று அவள் பெயரைச் சொல்லியே பேசிவிட்டு அவர் மேலே ஏறிப் போனார்.

"சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடுற மனுஷன். வெக்கமா இருக்கு ரோசிட்டா" என்றாள் டெல்மா, பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்தவளிடம்.

"நான் புள்ளத்தாச்சியையே எழுப்பிவிட்டேன்க்கா."

"சங்கிலியை மாட்டினதே நான்தான்" என்றார் குழாய் பிடித்திருந்த லெஸ்டர். "எனக்கு எந்த நரகமோ!"

பிராண்ட் காப்பிக் கோப்பையோடு வந்தார்.

"என்ன கூட்டம்?"

"அந்த நாற்காலிங்க சும்மாதானே சார் கிடக்கு?" என்றாள் டெல்மா.

"சும்மா கிடந்தாலும் கம்பெனிக்காரன் காசு வந்தாச்சு, டி.வி.க்காரன் காசும் வந்தாச்சு. கடலை கொறிக்கிறவனை நம்பியா டீம் நடக்குது? ஓசியில விட்டா முதலாளி டீமை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு."

"இதைச் சொல்லித்தான் எங்க கூலியையும் குறைச்சீங்க" என்றார் லெஸ்டர்.

"சங்கிலியைத் தொடுறவங்க நாளைக்கு வர வேண்டாம்."

அவர் போனதும் ரோசிட்டா மெல்லக் கேட்டாள்: "எல்லாரும் தொட்டா?"

லெஸ்டர் குழாயை மூடினார். "அப்ப அவரே கழுவட்டும்."

மாலை. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில், எல்லா ஆட்டத்திலும்போல, மைதானமே எழுந்து நின்று பாடியது. 'ஆண்டவரே' என்று முணுமுணுத்து டெல்மா தன் பக்கச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினாள். இடப்பக்கம் ஒரு சங்கிலி சிமெண்டில் விழுந்தது. வலப்பக்கம் இன்னொன்று. அப்புறம் தூரத்தில் ஒன்று. பிராண்ட் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். யார் பெயரைச் சொல்வதென்று தெரியவில்லை.

அவள் மேல் வரிசைக்கு ஏறினாள்.

"மிஸ்டர் ப்ரூயிட், கீழ வாங்க."

"வேண்டாம்மா, உன் வேலை போயிடும்."

"நான் மட்டும் இல்லைங்க. அங்க பாருங்க."

அவர் பார்த்தார். கடலைப் பையை மடித்துக்கொண்டு எழுந்தார். டெல்மாவுக்கு இன்னும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே பிராண்ட் காத்து நின்றார். இருவரும் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். பின்னால் மற்றவர்களும் இறங்கிவரும் காலடி ஓசை கேட்டது.