நாலு மணிக்குள் ஒரு விளக்கக் கடிதம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, ஒரு பக்கம் எழுத மாட்டியா?" நான்கு மணிக்குள் அது அவளுடைய மேற்பார்வையாளரின் மேசைக்குப் போயாக வேண்டும். இப்போது மணி ஒன்று இருபது. ஏழு தாள்களைக் கிழித்தாயிற்று. எட்டாவது தாளில் நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மதிப்பிற்குரிய அம்மையீர், நேற்று நடந்த தவறுக்கு மிகவும்"

(வருந்துகிறேன் என்றுதான் வர வேண்டும். ஆனால் அவர் கேட்டது வருத்தத்தை அல்ல, காரணத்தை.)

இரண்டாவது தொடக்கம்: "இருபது ஆண்டுகளாக ஒரு புகாரும் இன்றி"

(அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னை ரிட்டையர் பண்ணி அனுப்பற மாதிரி இருக்கு" என்றாள்.)

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை அடுக்கும் அறையில் வேலை செய்கிறாள். கழுவிக் காய்ந்து வரும் கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் பட்டியல்படி ட்ரேயில் வைத்து, உறையிட்டு, கிருமி நீக்கும் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். ஒரு ட்ரேக்கு இருபத்தாறு உருப்படி. ஒன்றை வைக்க வேண்டும், பேனாவை எடுக்க வேண்டும், ஒரு டிக், பேனாவைக் கீழே வைக்க வேண்டும். பிறகு அடுத்தது. அந்த அறையில் இதை யாரும் மீறக் கூடாது.

நேற்று அவள் இருபத்தாறு டிக்கையும் ஒரே மூச்சில் முதலிலேயே போட்டுவிட்டுக் கருவிகளை வைத்தாள். நான்கு ட்ரேக்களுக்கு அப்படி. நான்கும் மெஷினுக்குள் போய்க் கதவு மூடிய பிறகு மேசைத் துணியை மடித்தால், அடியில் ஓர் இடுக்கி கிடக்கிறது.

எந்த ட்ரேயில் குறைகிறது? நான்கும் சரி என்கிறது பட்டியல். அறுவை அறையிலும் எண்ணுவார்கள்தான். ஆனால் அவசரத்தில் பட்டியலை நம்பி ஒருவர் வயிற்றைத் திறந்துவிட்டால், தைக்கும் நேரத்தில் ஒன்று குறையும். உள்ளே விட்டுவிட்டோமோ என்று தேடுவார்கள்.

அக்கா ஓடிப்போய்* மேற்பார்வையாளரிடம் சொன்னாள். நான்கையும் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவதில் குறைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த அம்மா கத்தவில்லை. "வேற யாராவதுன்னா சோம்பேறித்தனம்னு நினைச்சுக்குவேன். நீங்க ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்று மட்டும் கேட்டார். "தப்புதான்" என்றாள் அக்கா. "சரி, எழுதிக் குடுங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்."

* "ஓடலடா. ஓட முடிஞ்சா இந்தக் கடுதாசி எதுக்கு?" என்கிறாள். நடந்துதான் போயிருக்கிறாள், நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று. 'ஓடிப்போய்' என்பதை அடிக்காமல் விடுகிறேன். என் புத்தி எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

4

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மனச்சோர்வுக்கு எட்டு மாதமாகச் சிகிச்சை எடுப்பவள் கதையில் என்ன செய்வாள்? இருட்டறையில் படுத்து அழுவாள். இவள் அழுவதில்லை. மருந்து தொடங்கிய மூன்றாம் மாதமே அழுகை நின்றுவிட்டது. சிரிக்கிறாள், என்னை வாரிவிடுகிறாள். அதனால் அவள் சரியாகிவிட்டாள் என்று வீட்டில் முடிவு கட்டினோம். முதலில் கட்டியவன் நான்.

"நிஜத்தைச் சொல்லு, ஏன் முன்னாடியே டிக் போட்ட?"

"பேனாவை இருபத்தாறு தடவை எடுத்து வைக்கத் தெம்பில்ல."

"அவ்வளவுதானா?"

"பாத்தியா, உனக்கே அவ்வளவுதானான்னு இருக்கு. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"நல்லாத் தூங்கினா..."

"பத்து மணி நேரம் தூங்கறேன். எந்திரிக்கும்போதே ஒரு ஷிஃப்ட் முடிச்ச மாதிரி இருக்கு. குளிச்சிட்டு வந்தா, தலை வார்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காரணும். மாத்திரையை நிறுத்திடலாமான்னுகூட நினைச்சேன்."

"நிறுத்திட்டியா?"

"இல்ல. டாக்டர்கிட்டக் கேட்டேன். மத்ததெல்லாம் போனப்புறமும் அசதி மட்டும் இருக்கலாம், மருந்தாலயும் இருக்கலாம், நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திப் பாக்கலாம்னாரு. அடுத்த வாரம் போகணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. போன மாதம்தான், அவள் சோபாவிலிருந்து எழாததைப் பார்த்து, மகாராணி என்று கூப்பிட்டேன்.

5

இனி முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. "எனக்குப் பார்வை மங்கியிருக்கிறது. கண்ணாடி மாற்றிக்கொள்கிறேன்." பொய். ஆனால் பத்திரமான பொய். மேலிடம் கோப்பை மூடிவிடும்.

ஆ. உண்மை. மேற்பார்வையாளர் படிக்கிறார், முகம் இளகுகிறது, "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்கிறார். (அக்கா படித்துவிட்டுச் சொன்னது: "அந்தம்மா நல்லவங்கதான். மேலிடத்துக்கும் நீயேவா இளகற முகம் செஞ்சு வெப்ப?")

இ. அதே உண்மை. "மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் கையில் அறுவைக் கருவியா?" என்று கோப்பில் ஒரு வரி ஏறுகிறது. அடுத்த வாரம் அவளை

(இதை முடிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.)

6

மணி மூன்று. நான் சொன்னேன்: "அக்கா, கண்ணாடின்னே போட்டுடு. வேலை முக்கியம்."

"நாளைக்கு மறுபடியும் பண்ணினா? அப்ப எதைச் சொல்லச் சொல்லுவ, காதையா?"

தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அவளே எழுதினாள். நான்கைந்து வரிக்கு இருபது நிமிடம் ஆனது. அப்படியே தருகிறேன்:

"நான் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன். துக்கம் குறைந்துவிட்டது. அசதி குறையவில்லை. கை சோர்ந்துபோகாமல் இருக்கத்தான் முன்கூட்டியே டிக் போட்டேன். நேற்று விட்டுப்போனதை நானே கண்டுபிடித்தேன். அடுத்த முறை கண்டுபிடிப்பேனா, தெரியாது. எனக்கு இந்த வேலை வேண்டும். அதனால்"

அங்கே நின்றுவிட்டாள். "இதுக்கப்புறம் என்னடா கேக்கறது? லீவா? கூட ஒரு ஆளா? கொஞ்ச நாள் வேற வேலையா? எதைக் கேட்டா குடுப்பாங்க, எதைக் கேட்டா அனுப்பிடுவாங்க?"

அந்த வாக்கியத்தைப் பத்து விதமாக முடிக்க எனக்குத் தெரியும். பத்தும் நன்றாகவே இருக்கும். போனால் போவது என் வேலை இல்லையே.

"குடு, நான் முடிச்சுத் தரேன்."

"வேணாம். கேட்டவங்களே முடிக்கட்டும்."

'அதனால்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

7

மணி மூன்று ஐம்பத்தெட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அங்கே இல்லை, இருந்தாலும் உபயோகமில்லை. தாளை வாங்குகிறவர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிடம் உங்களைக் கேட்கும், அதுவும் எனக்குத் தெரியும். படித்துவிட்டீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் என் அக்கா நிற்கிறாள். அவளால் முடிந்தவரை சொல்லிவிட்டாள்.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?